ஓவியர் பேனா எடுத்தபோது

மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு, 1482 வாக்கில் லியொனார்டோ டா வின்சி ஒரு கடிதம் தயாரித்தார். தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், அகழி நீரை வடிக்கும் உத்தி, பீரங்கிகள், மூடிய போர்வண்டிகள் என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் வரிசையாக அடுக்குகிறார். சமாதான காலத்தில் கட்டடம் கட்டவும் சிலை செய்யவும் முடியும் என்பது கடைசியில்தான் வருகிறது. ஓவியமும் தெரியும் என்பது போகிற போக்கில் சொன்னதுதான். அந்த வரைவு மிலானின் அம்ப்ரோசியானா நூலகத்தில் இன்றும் இருக்கிறது. படிக்கப்போவது ஒரே ஆள். அவருக்கு எது தேவை என்பது லியொனார்டோவுக்குத் தெரிந்திருந்தது.

முகம் தெரியாத கூட்டத்திடம் ஓவியர் தன்னை விளக்க வேண்டிய நாள் பிறகுதான் வந்தது. புரவலரின் இடத்துக்குப் பொதுக் கண்காட்சியும், அதன் வாசலில் நடுவர் குழுவும் வந்து சேர்ந்தன. 1855இல் பாரிஸ் உலகக் கண்காட்சியின் நடுவர்கள் குஸ்தாவ் கூர்பேயின் 11 படங்களை ஏற்றார்கள். ஆனால் அவர் பெரிதும் நம்பியிருந்த ‘ஓவியரின் பணிக்கூடம்’ தள்ளப்பட்டது; கிராமத்துச் சாவு ஒன்றை வரைந்த ‘ஓர்னானில் ஓர் அடக்கம்’ படமும் தள்ளப்பட்டது. இரண்டுமே ஆறு மீட்டர் அகலத்தைத் தொடும் படங்கள். கூர்பே சும்மா இருக்கவில்லை. ஆதரவாளர் அல்ஃப்ரெத் புருயாஸின் உதவியோடு, உலகக் கண்காட்சிக்குப் பக்கத்திலேயே சொந்தமாக ஒரு கொட்டகை எழுப்பி, 40 ஓவியங்களையும் 4 கோட்டோவியங்களையும் வைத்தார். பத்து சாந்தீமுக்கு விற்ற கையேட்டில் ஒரு சின்ன முன்னுரை. யதார்த்தவாதி என்ற பட்டத்தைப் பிறர்தான் தன்மேல் ஒட்டினார்கள், தன் காலத்து மனிதர்களையும் வழக்கங்களையும் தான் கண்டபடி காட்டி உயிருள்ள கலையைப் படைப்பதே தன் நோக்கம் என்கிறார். கூட்டம் பெரிதாக வரவில்லை, நுழைவுக் கட்டணத்தையும் குறைக்க வேண்டியிருந்தது. ஆனால் ஆகஸ்ட் மாதம் ஓவியர் தெலக்ருவா வந்தார்; ஏறக்குறைய ஒரு மணி நேரம் தனியாக நின்று பார்த்துவிட்டு, ஒதுக்கப்பட்ட ‘ஓவியரின் பணிக்கூடம்’ ஒரு தலைசிறந்த படைப்பு என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். 1867இல் ஓவியர் மனேயும் இதே வழியில் தனிக் கொட்டகை போட்டு, கையேட்டில் தன் தரப்பைச் சொன்னார்.

மறுப்பிலிருந்து பிறந்த இந்தத் தொனி நெடுங்காலம் நீடித்தது. 1963இல் புதுதில்லியில் 12 ஓவியர்கள் சேர்ந்த ‘குரூப் 1890’ கண்காட்சிக்கு அறிக்கை எழுதியவர், சிம்லாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஜே. சுவாமிநாதன். ரவிவர்மாவின் பாணியும் வேண்டாம், வங்காளப் பள்ளியின் கனவும் வேண்டாம் என்று அது அடித்துச் சொன்னது. அந்தப் பன்னிருவரில் சென்னையின் ரெட்டப்ப நாயுடுவும் உண்டு, பலகையை ஊதுவிளக்கால் பொசுக்கிப் படம் செய்த ஜெராம் படேலும் உண்டு. ஒரே அறிக்கைக்குள் இவர்கள் எல்லோருடைய கைகளும் எப்படி அடங்கும்?

இன்று கலைக்கல்லூரி விண்ணப்பத்துக்கும் காலரிக்கும் உதவித்தொகைக்கும் ஓவியர் தன் கலையை விளக்கும் ஒரு பக்க ஸ்டேட்மென்ட் கேட்கிறார்கள். எழுத உட்காரும் இளைஞர்கள் பெரும்பாலும் கூர்பேயின் பிரகடனத் தொனியைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் படிக்க வேண்டியது ஹென்றி மத்தீஸை. 1908 டிசம்பரில் ‘லா கிராந்த் ரெவ்யூ’ இதழில் வந்த ‘ஓர் ஓவியரின் குறிப்புகள்’ கட்டுரையில், ஓவியன் எழுத்தில் இறங்குவது ஆபத்து என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டு, நேராகக் கித்தானுக்கு வந்துவிடுகிறார். எதிரில் ஓர் அலமாரி. அது பளிச்சென்ற சிவப்பாக மனதில் படுகிறது. அந்தச் சிவப்பை வைக்கிறார். உடனே அதற்கும் கித்தானின் வெள்ளைக்கும் ஓர் உறவு உண்டாகிறது. பக்கத்தில் பச்சை வைத்து, தரையை மஞ்சளாக்கினால் அந்த உறவு குலையக்கூடும். ஒரு நிறம் இன்னொன்றின் பலத்தைக் குறைத்துவிடக் கூடாது. அதனால் எல்லாவற்றையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். கொள்கை முழுவதையும் அவர் கைவேலையின் வழியாகவே சொல்லிவிடுகிறார்.

அவர் அப்படித்தான் வேலையும் செய்தார். ரஷ்ய வணிகர் செர்கேய் ஷுகினின் உணவறைக்கென்று நீலத்தில் வரைந்த பெரிய படத்தை அதே 1908இல் சிவப்பாக மாற்றித் தீட்டினார். ‘சிவப்பு இசைவு’ என்ற பெயரில் அது இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிட்டேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.