பலருக்கு ஒரே நேரத்தில்: இணைய வணிகச் செயலி வடிவமைப்பு – நயாகரா செயலியை முன்வைத்து

இணையக் கடையில் ஒரு பொருளைத் தேடுவதும், அதைக் கூடையில் இடுவதும், பணம் செலுத்துவதும் தனித்தனியே பார்த்தால் கணிப்பொறிக்கு மிகச் சிறிய வேலைகளே. ஆயினும் அவை ஒருவரையொருவர் அறியாத பல்லாயிரம் பேரிடமிருந்து ஒரே வேளையில் வந்து சேர்கின்றன. ஒருவரின் வேலையை எவ்வளவு விரைவாக முடிக்கலாம் என்ற கேள்வியும், ஒரே காலத்தில் எத்தனை பேரின் வேலையை முடிக்கலாம் என்ற கேள்வியும் ஒன்றல்ல. முன்னது வேகம் பற்றியது. பின்னது கொள்திறன் பற்றியது. இணைய வணிகத்துக்கான செயலி, அதாவது கணிப்பொறியில் ஆணைகளை நிறைவேற்றும் சில்லு, பின்னதையே முதன்மை அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பதும், முன்னதை ஒரு வரம்புக்குக் கீழே இறங்கவிடலாகாது என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் செயலி வடிவமைப்பு வேகத்தை மட்டுமே துரத்தியது. 2000ஆம் ஆண்டில் வெளியான இன்டெல் பென்டியம் 4, ஓர் ஆணையை 20 சிறு கட்டங்களாகப் பிரித்துச் செயற்படுத்தியது. கட்டங்கள் சிறியவையாயின் கடிகாரத் துடிப்பை விரைவாக்கலாம் என்பதே அதன் அடிப்படை. 2004இல் கட்டங்கள் 31 ஆயின. மின்நுகர்வு 100 வாட்டைக் கடந்தது. அவ்வாண்டே இவ்வரிசையின் அடுத்த செயலித் திட்டத்தை அந்நிறுவனம் கைவிட்டது. கடையை நடத்தும் சர்வருக்கு இவ்வேகத்தால் கிடைத்த பயன் சிறிது. வணிக நிரல், தரவுத்தளத்தின் பல மூலைகளில் சிதறிக் கிடக்கும் பதிவுகளைத் தேடிச் செல்வது. செயலியின் அருகிலுள்ள சிறிய, விரைவான கேச் நினைவகத்தில் அப்பதிவு இல்லையெனில் முதன்மை நினைவகத்துக்குச் செல்ல வேண்டும். அங்கிருந்து விடை வருவதற்குள் நூற்றுக்கணக்கான துடிப்புகள் வீணாகக் கழியும். துடிப்பை இரட்டிப்பாக்கினாலும் நினைவகம் விரைவதில்லை. காத்திருப்பில் கழியும் துடிப்புகளின் எண்ணிக்கையே இரட்டிப்பாகிறது.

இக்காத்திருப்பை ஒழிக்க முயலாமல், அதை மற்றொருவரின் வேலையால் நிரப்பலாம் என்பதே மாற்று வழி. காம்பாக் நிறுவனத்தில் லூயிஸ் ஆந்திரே பரோசோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட பிரானா வடிவமைப்பு, எட்டு எளிய கருக்களை ஒரே சில்லில் அமைத்து வணிகப் பரிவர்த்தனைகளைக் கையாள முன்மொழிந்தது. கரு என்பது ஆணைகளைத் தானே நிறைவேற்றவல்ல முழுமையான கணிப்புப் பகுதி. ஏறத்தாழ அதே காலத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் குன்லே ஒலுகோட்டுனும் பல கருக்கள் கொண்ட சில்லுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் பங்குகொண்ட அஃபாரா நிறுவனத்தை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2002இல் வாங்கியது. அதன் விளைவாக 2005இல் வெளிவந்ததே, நயாகரா என்ற திட்டப்பெயர் கொண்ட அல்ட்ராஸ்பார்க் டி1.

இச்செயலியில் எட்டுக் கருக்களும், கருவுக்கு நான்கு இழைகளுமாக மொத்தம் 32 இழைகள் இருந்தன. இழை என்பது ஒருவருக்காக ஓடும் ஆணைகளின் தொடர். ஒவ்வொரு துடிப்பிலும் கரு ஓர் இழையிலிருந்து அடுத்த இழைக்கு மாறும். நினைவகத்தின் விடைக்காக ஓர் இழை நின்றுவிட்டால் ஏனைய மூன்றும் அதன் முறையை எடுத்துக்கொள்ளும். கருவின் கட்டங்கள் ஆறு மட்டுமே, ஆணைகள் வந்த வரிசையிலேயே நிறைவேறின, வெளியானபோது துடிப்பு 1.2 கிகாஹெர்ட்ஸைத் தாண்டவில்லை. வழக்கமான மின்நுகர்வு 72 வாட் அளவிலேயே நின்றது. எதைச் சேர்த்தார்கள் என்பதைவிட எதை விட்டார்கள் என்பதில்தான் வடிவமைப்பாளரின் தெளிவு புலப்படுகிறது. பின்ன எண்களைக் கணக்கிடும் மிதவைப்புள்ளிப் பகுதி எட்டுக் கருக்களுக்கும் சேர்த்து ஒன்றே இருந்தது. அறிவியல் கணிப்புக்கு இது பெருங்குறை, கடைக்கோ ஏறத்தாழ ஒரு குறையே அன்று. அதேவேளை, பாதுகாப்பான இணைப்பைத் தொடங்கும்போது தேவைப்படும் மிகப் பெரிய எண்களின் பெருக்கத்துக்கெனத் தனிப் பகுதி ஒவ்வொரு கருவிலும் இடம்பெற்றது. அட்டை எண்ணை மறைத்தனுப்பாமல் இணைய வணிகம் இல்லையாதலால், இந்த ஒதுக்கீடு மிகச் சரியானது. 2007இல் வந்த டி2 செயலி, கருவுக்கு எட்டாக 64 இழைகளோடு கருதோறும் மிதவைப்புள்ளிப் பகுதியையும் பெற்று, 10 கிகாபிட் வலையமைப்பு இணைப்பையும் சில்லுக்குள்ளேயே கொண்டுவந்தது.

பணத்தைக் கணக்கிடும் முறையும் இங்கே நினைக்கத்தக்கது. பத்துப் பைசாவாகிய 0.1 ரூபாயை இரும எண்முறையில் துல்லியமாக எழுத முடியாது. அதனால் வணிக நிரல்கள் பதின்மக் கணக்கை மென்பொருள் வழியே மெதுவாகச் செய்துவந்தன. 2007இல் ஐபிஎம் தன் பவர்6 செயலியில் பதின்ம மிதவைப்புள்ளிக் கணக்கை வன்பொருளாகவே அமைத்தது. செயலியின் வடிவம் வேலையின் இயல்பிலிருந்து பிறக்க வேண்டும் என்பதற்கு இதுவும் சான்று.

நயாகரா வழிக்கு வலுவான மறுப்பும் உண்டு. கூகுளின் உர்ஸ் ஹோல்ஸ்லே 2010இல் எழுதிய கட்டுரை, மெலிந்த கருக்கள் பலவற்றைவிட வலிய கருக்கள் சிலவே பெரும்பாலும் மேல் என வாதிட்டது. ஒரு வேண்டுகோளைப் பல துண்டுகளாக்கிப் பல கருக்களுக்குப் பகிர்ந்தால், கடைசியாக முடியும் துண்டே வாடிக்கையாளரின் காத்திருப்பைத் தீர்மானிக்கும். மேலும், மெதுவான கருக்களுக்கு ஏற்ப நிரலை மாற்றியமைக்கும் உழைப்பு, மின்சாரத்தில் மிச்சப்படும் பணத்தை விழுங்கிவிடும். இம்மறுப்பை ஏற்றே ஆக வேண்டும். ஆனால் அது மறுப்பது கருவின் மெலிவையே. காத்திருப்பைப் பிறர் வேலையால் நிரப்பும் கொள்கையை அன்று. சன் நிறுவனத்தை 2010இல் வாங்கிய ஆரக்கிள், அடுத்த ஆண்டு வெளியிட்ட டி4 செயலியில் ஆணைகளை வரிசை மாற்றி நிறைவேற்றும் வலிய கருவுக்கு மாறியது; எனினும் கருவுக்கு எட்டு இழைகள் என்ற அமைப்பை அது கைவிடவில்லை.