அலுமாரிக் கதவில் வாப்பாவின் பென்சில்

நிந்தவூரில் எங்கள் குசினிச் சிங்குக்குக் கீழே, அலுமாரிக் கதவின் உட்புறத்தில், சிங்கின் துளையில் கழிவுக் கிண்ணத்தைப் பொருத்துவது பற்றி வாப்பா பென்சிலால் எழுதி வைத்தது இவ்வளவுதான்:

"நல்லாத் தொடச்சிக் காயவை. மேல சிலிக்கன், கீழ றப்பர். மரைக்கு டேப் வேணாம். கையால இறுக்கிக் கால் சுத்து. நிரப்பிப் பாத்திட்டுத் தொறந்து உடு."

காலமெல்லாம் பைப் வேலை செய்த கை அது. ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது.

'நல்லாத் தொடச்சிக் காயவை': மீன் கழுவிய பிசுக்கும் பழைய சிலிக்கனும் சிங்கின் துளை விளிம்பில் ஒட்டிக் கிடக்கும். பழைய சிலிக்கன்மேல் புதியது பிடிக்காது. சுரண்டி எடுக்கத்தான் வேண்டும். சிலிக்கன் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்தே இறுகுகிறது, ஆனால் ஒட்டும் இடத்தில் நீர் நிற்கக்கூடாது. மார்கழி மாரியில் ஒருதரம் துடைத்தது போதாது என்பதால்தான் 'காயவை' என்ற சொல்.

'மேல சிலிக்கன், கீழ றப்பர்': குறிப்பின் உயிர் இங்கே. கழிவுக் கிண்ணத்தின் உதடு சிங்கின் மேல்முகத்தில் அமர்கிறது. அந்த உதட்டுக்கு அடியில் சிலிக்கன். சிங்கின் அடிமுகத்தில் றப்பர் வாஷர், அதன் கீழ் வழுக்கும் வளையம், பிறகு நட். அந்த வளையத்தை விட்டுவிட்டால் நட்டோடு சேர்ந்து றப்பரும் திருகிச் சுருண்டுவிடும். சிலிக்கனுக்குப் பதில் சுண்ணத்தூளையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்த புட்டி வைக்கும் நாடுகளும் உண்டு. அந்த எண்ணெய் கிரனைட்டில் ஊறிக் கறையாகும். கசிந்த பிறகு கீழே நட்டைச் சுற்றிச் சிலிக்கனை அப்புகிறார்களே, அதை வாப்பா ஒருநாளும் ஒப்பவில்லை. நீர் நுழைவது மேலே. கீழே அடைத்தால் அது இடுக்கில் தங்கி வேறு வழி தேடும்.

'மரைக்கு டேப் வேணாம்': எங்கள் ஊரில் பலரும் மறுக்கும் வரி. ஆனால் வாப்பா சொன்னதுதான் சரி. கூம்பிச் செல்லும் பைப் மரையில் மரைதான் நீரை மறிக்கிறது, அங்கே டேப் வேண்டும். கிண்ணத்தின் மரை நேரானது. அது நட்டை மேலே இழுத்து றப்பரை அழுத்துவதோடு சரி.

'கையால இறுக்கிக் கால் சுத்து': இதைவிட இறுக்கினால் பிளாஸ்டிக் நட் வெடிக்கும், றப்பர் பிதுங்கும். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

'நிரப்பிப் பாத்திட்டுத் தொறந்து உடு': இதைச் செய்யுமுன் சிலிக்கனுக்கு ஒரு நாள் விட வேண்டும். பைப்பைச் சிறிதாகத் திறந்து பார்ப்பது சோதனை ஆகாது. அடைப்பானைப் போட்டுச் சிங்கை நிரப்பி, அடியில் காய்ந்த தாளை விரிக்க வேண்டும். நீர் நிற்கும்போதே தாள் நனைந்தால் பிழை உதட்டில். கழற்றி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அடைப்பானை எடுத்து நீர் இரைந்து இறங்கும்போது நனைந்தால் மேலே குறையில்லை. பிழை கீழே, வளைகுழாயின் நட்டுகளில். அதற்காகச் சிங்கைத் தொடவே வேண்டாம்.