காமடோர் 64: கருந்திரைப் பழுது

காமடோர் 64, 1982-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த வீட்டுக் கணினி. நல்ல நிலையில் இருந்தால், சுவிட்சைப் போட்ட சில நொடிகளில் நீலத் திரையில் 38911 பைட் காலி என்ற அறிவிப்பு வரும். பழுதானால் பெரும்பாலும் கருந்திரைதான்.

முதலில் சந்தேகிக்க வேண்டியது மின் அடாப்டரை. அது 5 வோல்ட் நேர்மின்சாரமும் 9 வோல்ட் மாறுமின்சாரமும் தருகிறது. வயதான அடாப்டரில் சீராக்கி கெட்டால் 5 வோல்ட் எகிறி, நினைவகச் சில்லுகளைப் பொசுக்கிவிடும். பலவற்றில் உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருப்பதால் பழுதுபார்ப்பதும் கடினம். மல்டிமீட்டரில் அளக்காமல் அதைச் செருகவே கூடாது. அவசரத்தில் செருகி, நன்றாக இருந்த இயந்திரத்தைக் கொன்றுவிடுவது கொடுமை.

கணினியின் சிவப்பு விளக்கு எரிவது 5 வோல்ட் வருவதற்கு மட்டுமே சான்று. கணினிக்குள் இருக்கும் ஃபியூஸ் போயிருந்தால் 9 வோல்ட் கிடைக்காது. பழைய பலகைகளில் வீடியோ சில்லுக்கான 12 வோல்ட் அதிலிருந்தே பிறப்பதால், அப்போதும் படம் வராது.

மின்சாரம் சரியென்றால் அடுத்தது, எப்போது எந்தச் சில்லை அணுகுவது என்று தீர்மானிக்கும் பி.எல்.ஏ. சில்லு; இது அடிக்கடி கெடும். நினைவகத்தைச் சோதிக்க ‘டெட் டெஸ்ட்’ கார்ட்ரிட்ஜ் உண்டு. திரை எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணினால், எட்டுச் சில்லுகளில் கெட்டது எதுவென்று தெரியும்.