ஐந்து லிட்டர் கேன்

காலை ஆறரை மணி. காஞ்சிபுரத்துக்குள் நுழையும் முன் ஒரு பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தினேன். "செத்த இருங்க சார், அளவு பாத்துட்டுப் போட்டுடறேன்" என்றார் அங்கிருந்தவர். கழுத்து ஒடுங்கிய ஐந்து லிட்டர் கேனில் பெட்ரோலை நிரப்பி, கழுத்திலிருந்த கோட்டைக் குனிந்து பார்த்தார். இன்னொருவர் மெஷினின் கீழ்க்கதவைத் திறந்து பழைய ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். பத்து வருஷமாக பெட்ரோல் போடுகிறேன். ஒருநாளும் இதைப் பார்த்ததில்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம் "ஜீரோ பாத்துக்குங்க" மட்டும்தான்.

அந்த மெஷினுக்குள் நடப்பது சிக்கலானதல்ல. தரைக்கடியில் இருக்கும் டேங்கிலிருந்து எரிபொருள் உறிஞ்சப்பட்டு ஃபில்டர் வழியாக வருகிறது, கலந்திருக்கும் காற்று பிரிக்கப்படுகிறது, பிறகு மீட்டருக்குள் போகிறது. மீட்டரின் பிஸ்டன்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே அளவைத் தள்ளுகின்றன. அந்தச் சுற்றை மின்துடிப்புகளாக எண்ணி, லிட்டராகவும் ரூபாயாகவும் திரையில் காட்டுகிறார்கள். ஃபில்டரில் துருவும் தூசியும் அடைத்தால் வேகம் குறையும். பிஸ்டன் சீல் தேய்ந்தால் என்ன ஆகும்? பெட்ரோல் எண்ணப்படாமலே நழுவிப் போகும். அதாவது, நமக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், நஷ்டம் பங்க்காரருக்கு. பராமரிக்காத மெஷின் பெரும்பாலும் முதலில் ஏமாற்றுவது தன் முதலாளியைத்தான்.

நம்மை ஏமாற்ற மனிதர் வேண்டும். 2017 ஏப்ரலில் லக்னோவில் நடந்த சோதனைகளில், பம்புகளுக்குள் ரகசியமாகப் பொருத்திய சிப்புகள் பிடிபட்டன. வந்த பெட்ரோலைவிட அதிகமாகத் திரையில் காட்டும் வேலை. எண்களை நம்பிப் பிழைக்கும் மென்பொருள்காரனான எனக்கு அந்தச் செய்தி கொஞ்சம் உறைத்தது. திரையில் தெரியும் எண்ணை அந்தத் திரையை வைத்தே சரிபார்க்க முடியாது. வெளியே ஒரு கேன் வேண்டும். அதனால்தான் வருடத்துக்கு ஒருமுறை சட்டமுறை எடையளவு ஆய்வு, கம்பி கோத்த முத்திரை எல்லாம். ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரைதான் பிசகலாம்.

காஞ்சிக்கு இது புதிய கவலை அல்ல. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட உத்தம சோழனின் செப்பேடு ஒன்று இப்போது சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கச்சிப்பேட்டில், அதாவது இன்றைய காஞ்சிபுரத்தில், பொருட்களை நிறுப்பதற்கும் அளப்பதற்கும் வாங்கும் கூலி ஊரகம் கோயிலுக்குச் சேர வேண்டும் என்கிறது அது. ஊரகம் என்பது உலகளந்த பெருமாள் கோயில். ஊரை அளந்த கூலி, உலகை அளந்தவருக்கு! கணக்கைக் கவனிக்கும் பொறுப்பு யாருக்கு? நகரின் சேரிகளில் வாழ்ந்த நெசவாளர்களுக்கு. நூலை எண்ணிப் பழகியவர்களிடம் கணக்கை ஒப்படைத்திருக்கிறார்கள்.

எரிபொருளையும் அன்றே அளந்தார்கள், பெட்ரோலுக்குப் பதில் நெய். நந்தா விளக்குக்குத் தினம் ஓர் உழக்கு நெய் என்று சோழர் கல்வெட்டுகள் பேசும். அதற்கு 90 அல்லது 96 ஆடுகள் தானம். அவற்றுக்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. ஆடு சாகாமலா இருக்கும்? செத்ததுக்குப் பதில் குட்டி வளர்ந்து எண்ணிக்கை குறையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். பராமரிப்பு என்பதற்கு இதைவிட நல்ல பெயரை நான் கேட்டதில்லை. எந்த அளவால் அளப்பது என்பதிலும் கறாராக இருந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் அளவைக்கே 'ஆடவல்லான்' என்று இறைவன் பெயர்.

வேடிக்கை என்னவென்றால், நவீன பம்ப்பும் விளக்கிலிருந்துதான் பிறந்தது. 1885இல் அமெரிக்காவின் ஃபோர்ட் வெய்னில் சில்வானஸ் பவுசர் செய்து விற்ற முதல் பம்ப் மளிகைக்கடையில் மண்ணெண்ணெய் அளக்கத்தான். கார்கள் பிறகு வந்தன.

கேனில் அளவு கோட்டில் சரியாக நின்றது. "கேட்டா யாருக்கும் காட்டணும் சார், ஆனா யாரும் கேக்கறதில்ல" என்றார் அவர். அன்று நெசவாளர்கள் கணக்கைப் பார்த்தார்கள் என்றால், பார்க்கும் பொறுப்பை ஒருவர் அவர்களிடம் எழுதிக் கொடுத்திருந்தார். நமக்கும் எழுதித்தான் கொடுத்திருக்கிறார்கள். பங்க்கில் கேனைக் கேட்பது நம் உரிமை. நாம்தான் ஜீரோவை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறோம்.