உயிரின் கணக்கு – 6: ‘தீராத வயிற்றுவலி’

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்த்தபடி சென்ற வாரம் நிறுத்தினோம். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் அவை. ஊர் வேலைகளைக் கவனிக்கும் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரை மட்டுமல்ல, அவன் உறவினர் பெயரையும் தேர்தல் குடவோலையில் எழுதக் கூடாது என்றது ஊர்ச்சபை. அவ்வளவு கறாராகக் கணக்குக் கேட்ட மண்ணில், தன்னையே மாய்த்துக்கொள்ளத் துணியும் பிள்ளைகளுக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

காவல் நிலையத்தில் ஒரு கணக்கு இருந்தது. ‘தீராத வயிற்றுவலி காரணமாக...’ நாளிதழ் படித்து வளர்ந்த நம் எல்லோருக்கும் மனப்பாடமான வரி.

ஏன் வயிற்றுவலி? பிழைத்து வந்தால் 1860-ல் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு காத்திருந்தது. ஓராண்டு வரை சிறை. இறந்துவிட்டாலோ, வீட்டில் இன்னொரு பெண்ணுக்கு வரன் பார்க்க வேண்டும். மருத்துவமனையிலும் அதே மறைப்புதான். “ஏதோ தெரியாம நடந்துபோச்சுங்க டாக்டர்” என்பார் அம்மா. பிள்ளை வாய் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொள்வார். கேஸ் ஷீட்டில் ஏறுவது பெரியவர்கள் சொன்ன காரணம்தான்.

இந்தத் திரையை விலக்கியது பாலாற்றங்கரை ஊர் ஒன்று. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் சமூக சுகாதாரத் துறை, கணியம்பாடி ஒன்றியத்தில் ஒவ்வொரு சாவையும் வீடு தேடிப்போய் விசாரித்தது. கிராமத்துச் சுகாதாரப் பணியாளர், செவிலியர், மருத்துவர் என்று பல படிகளில் சரிபார்த்தது. 1992 முதல் 2001 வரையிலான அந்தக் கணக்கு 2004-ல் ‘லான்செட்’ இதழில் வெளியானபோது உலகமே அதிர்ந்தது. 10 முதல் 19 வயதுக்குள், லட்சத்துக்கு 148 பெண்கள், 58 ஆண்கள் ஆண்டுதோறும் தற்கொலையால் இறந்திருந்தார்கள். அந்த வயதுப் பெண்களின் மொத்தச் சாவில் பாதிக்கும் மேல் இதுவே.

எத்தனை பேர் என்பது தெரிந்துவிட்டது. அவர்கள் மனதில் என்ன இருந்தது என்பதை மாண்டவரிடம் கேட்க முடியாது. மீண்டவரிடம்தான் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்கும் முறையை 1974-ல் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் வகுத்தார். முயன்ற நேரத்தில் தனியாக இருந்தாரா, யாரிடமாவது சொன்னாரா, பிழைத்ததில் வருத்தமா நிம்மதியா என்று நீளும் கேள்வி வரிசை அது. உடலில் பட்ட காயத்தின் அளவைக் கொண்டு சாகும் எண்ணத்தை எடைபோடக் கூடாது என்பது அந்தக் கேள்விகளைக் கொண்டு நடந்த ஆய்வுகள் சொல்லிய பாடம். காயம் சிறிது, வேதனை பெரிதாக இருக்கலாம்.

1982-ல் ஆக்ஸ்போர்டில் கீத் ஹாட்டன் குழு, தமக்குத் தாமே தீங்கு செய்துகொண்ட பதின்ம வயதினரிடமே காரணம் கேட்டது. மருத்துவர்களிடமும் கேட்டது. இரண்டு பதில்களும் ஒத்துப்போகவில்லை. பிறரைப் பணியவைக்கப் பார்த்தார்கள் என்று மருத்துவர்கள் கருதிய இடத்தில், தாங்க முடியாத மனநிலையிலிருந்து விடுபட நினைத்தோம் என்றார்கள் பிள்ளைகள். சாக வேண்டும் என்பதும் வாழ வேண்டும் என்பதும் ஒரே மனதில், ஒரே மணி நேரத்தில் குடியிருக்கும்.

“சும்மா மிரட்டுறா”, “பாசாங்கு பண்றான்” என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அந்தச் சொல்லை இன்றோடு விட்டுவிடுவோம். ‘சாகணும்னு தோணுதாடா?’ என்று பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. உள்ளே அழுத்துவதை வெளியே சொல்ல வழி பிறக்கும். சட்டமும் இன்று மாறிவிட்டது: 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் பிழைத்தவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகவே கருதச் சொல்கிறது.

ஆனால் கேட்டால் மட்டும் உயிர் நிற்குமா? அதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாடுகள், அவற்றில் ஓர் இடம் நம் சென்னை. 1986-ல் ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் அந்த ஆய்வில் இருந்தார். தற்கொலை முயற்சிக்குப் பின் மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. மற்றதற்குக் கூடுதலாக ஒரு மணி நேரப் பேச்சு, 18 மாதங்களில் ஒன்பது முறை ‘எப்படி இருக்கீங்க?’ என்ற விசாரிப்பு. புது மருந்து ஒன்றும் இல்லை.

18 மாதம் முடிந்தது. இரு பிரிவிலும் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று எண்ணத் தொடங்கினார்கள்...

(அடுத்த வாரம்: ஒன்பது விசாரிப்புகள்)

மனம் தாங்காத நேரத்தில் பேச: டெலி மானஸ் 14416, தமிழக அரசு உதவி எண் 104, சிநேகா 044-24640050.