தசையைக் காக்க வந்த ஊசி

வளர்ச்சி ஹார்மோன் முதன்முதலில் மருந்தானது, இறந்தவர்களின் தலையிலிருந்து எடுக்கப்பட்டுத்தான். மூளைக்கு அடியில் பட்டாணி அளவே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் அது சுரக்கிறது. மாட்டின் ஹார்மோன் மனிதரிடம் வேலை செய்யாததால், பிரேதப் பரிசோதனையின்போது சுரப்பிகளை எடுத்து, அசிட்டோனில் போட்டுவைத்துப் பிரித்தெடுத்தார்கள். பாஸ்டன் மருத்துவர் மாரிஸ் ராபன், வளர்ச்சி குன்றிய 17 வயதுப் பையனுக்கு அதைச் செலுத்தி, அவன் வளர்ந்ததை 1958-இல் அறிவித்தார்.

அந்த வழி 1985-இல் அடைபட்டது. சிறுவயதில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலர் மூளையை அரிக்கும் குரூட்ஸ்பெல்ட் யாக்கோப் நோயால் இறந்தார்கள். சுரப்பியோடு நோயும் வந்திருந்தது. அதே ஆண்டு, பாக்டீரியாவைக் கொண்டு ஜெனென்டெக் தயாரித்த ஹார்மோனுக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அதுவரை அரிதாக இருந்த மருந்து, இனி வேண்டிய அளவுக்குக் கிடைக்கும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் அதற்கு ஒரு தேவை காத்திருந்தது. எலும்பு முறிந்தவர்களின் சிறுநீரில் நைட்ரஜன் அதிகமாகப் போவதை 1930-களிலேயே கிளாஸ்கோவில் டேவிட் கத்பெர்ட்சன் அளந்து காட்டியிருந்தார். நைட்ரஜன் போனால் புரதம் போகிறது என்று பொருள். 1 கிராம் நைட்ரஜனுக்கு 6.25 கிராம் புரதம், ஈரத்தசைக் கணக்கில் சுமார் 30 கிராம். வென்டிலேட்டரில் கிடப்பவரின் 24 மணி நேரச் சிறுநீரில் உடலுக்குள் போனதைவிட 15 கிராம் நைட்ரஜன் கூடுதலாக இருந்தால், ஏறக்குறைய அரைக் கிலோ தசை ஒரே நாளில் கரைந்திருக்கிறது. தொடை சூம்பும், இருமிச் சளியை வெளியேற்றக்கூட வலு இராது. ஊட்டத்தைக் கூட்டினாலும் கரைவது நிற்பதில்லை. புரதத்தைக் கட்டும் ஹார்மோனைக் கொடுத்தால் என்ன? சிறிய ஆய்வுகளில் நைட்ரஜன் கணக்கு தேறியது. தீக்காயம் பட்ட குழந்தைகளிடமும் நல்ல பலன் தெரிந்தது.

பின்லாந்தில் 247 பேர், வேறு ஐரோப்பிய நாடுகளில் 285 பேர் என்று இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. பெரிய அறுவை சிகிச்சை, விபத்துக் காயம், மூச்சுத் திணறல் என்று வந்து, பல நாள் தீவிர சிகிச்சையில் இருந்தவர்கள் அவர்கள். பாதிப் பேருக்கு ஹார்மோன், மீதிப் பேருக்குப் போலி மருந்து. முடிவு 1999-இல் வெளியானது. பின்லாந்தில் ஹார்மோன் பெற்றவர்களில் 39 சதவீதம் பேர் இறந்தார்கள். பெறாதவர்களில் 20 சதவீதம். இன்னொரு ஆய்வில் 44-க்கு 18. ஹார்மோன் பெற்றுப் பிழைத்தவர்களுக்கும் வென்டிலேட்டரிலிருந்து விடுபடக் கூடுதல் நாள் பிடித்தது.

ஏன் என்பதற்கு உறுதியான விடை இல்லை. கொடுத்த அளவு, ஹார்மோன் குறைபாட்டுக்குக் கொடுப்பதைப் போலப் பல மடங்கு. ரத்தச் சர்க்கரை ஏறியிருந்தது. தசை கரையும்போது வெளிவரும் குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தை நோய் எதிர்ப்புச் செல்கள் எடுத்துக்கொள்கின்றன. கரைவதைத் தடுத்தது அந்த வரவையும் தடுத்ததோ என்ற சந்தேகம் எனக்கு நியாயமாகவே படுகிறது. நைட்ரஜன் கணக்கை மட்டும் நம்பியிருந்தால் இந்த ஊசி வழக்கமான சிகிச்சையாகியிருக்கும். எத்தனை படுக்கைகளில் எத்தனை பேரை இழந்திருப்போம் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. அந்த 532 பேருக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் மருத்துவம் பெருங்கடன் பட்டிருக்கிறது.

தசை இன்றும் கரைகிறது. 2013-இல் லண்டனில் ஸ்கேன் செய்து பார்த்தபோது, பத்தே நாளில் தொடைத்தசையின் பரப்பு சுமார் 18 சதவீதம் சுருங்கியிருந்தது. பிசியோதெரபிஸ்டுகள் குழாய்களோடு நோயாளியை எழுப்பி உட்கார வைக்கிறார்கள். புரதத்தைப் படிப்படியாகக் கூட்டுகிறார்கள். ஹார்மோன் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அதே ஊசி இன்றும் பயன்படுகிறது. அதன் குறிப்புத்தாளில், கடும் நோயோடு தீவிர சிகிச்சையில் இருப்பவர்களுக்குப் புதிதாகத் தொடங்கக் கூடாது என்ற எச்சரிக்கை இருக்கிறது.