கோழியும் லொறியும்: ஒரு தீர்வையின் வரலாறு

பொருளியற் பாடநூல்களிற் பாதுகாப்புத் தீர்வை என்னும் விடயம் பெரும்பாலும் ஒரு பக்கத்தோடு முடிந்துவிடும். பிறநாட்டுப் பண்டங்களின் போட்டியிலிருந்து உள்நாட்டுக் கைத்தொழிலையும் அதில் உழைப்போரையும் காக்கும் பொருட்டு அரசு விதிக்கும் இறக்குமதி வரி என்று வரைவிலக்கணம் தரப்படும். மாணவர் அதனை மனனஞ் செய்வர். காக்கப்பட்டவர் யார், கைவிடப்பட்டவர் யார் என்னும் வினாக்களுக்கு அந்த ஒரு பக்கத்தில் இடமில்லை. அவ்வினாக்களை எழுப்புவதற்கு அமெரிக்கத் தீர்வை ஒன்றின் வரலாறு மிகவும் வாய்ப்பானது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்துவரும் அத்தீர்வை லொறிகளைப் பற்றியது. ஆயின் அது பிறந்ததோ கோழி இறைச்சியில். அதனாலேயே அமெரிக்கர் அதனை இன்றும் கோழி வரி என்று வழங்குகின்றனர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் மேற்கு ஜேர்மனியிற் கோழி இறைச்சி வசதி படைத்தோரின் உணவாகவே இருந்தது. அமெரிக்காவிலோ கோழி வளர்ப்பு, குடியானவன் வீட்டு முற்றத்தை விட்டு ஆலைத் தொழிலாகியிருந்தது. அங்கு மலிவாகப் பெருகிய கோழி உறைய வைக்கப்பட்டு ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. ஜேர்மன், பிரெஞ்சுக் கோழி வளர்ப்போர் கூக்குரலிட்டனர். 1962இல் ஐரோப்பியப் பொதுச் சந்தை தனது புதிய விவசாயக் கொள்கையின் கீழ் அமெரிக்கக் கோழிமீது கடும் வரி விதித்தது. பெர்லின் நெருக்கடியும் அணுவாயுதமும் உலகை அச்சுறுத்திய அக்காலத்திற் கென்னடிக்கும் தமக்குமிடையே நிகழ்ந்த கடிதத் தொடர்பிற் பாதியளவு கோழிகளைப் பற்றியதே என்று ஜேர்மன் தலைவர் அடெனாவர் வேடிக்கையாகக் கூறினாராம்.

இழப்பு 4 கோடி 60 இலட்சம் டொலர் என்றது அமெரிக்கா. காட் எனப்படும் தீர்வை, வர்த்தகப் பொது உடன்படிக்கையின் கீழ் அமைந்த குழு அதனை 2 கோடி 60 இலட்சமாக மதிப்பிட்டது. அத்தொகைக்கு ஈடாகப் பதிலடி கொடுக்கும் உரிமை அமெரிக்காவுக்குக் கிடைத்தது. கென்னடி கொல்லப்பட்டு இரு வாரங்கள் கழியுமுன், 1963 டிசம்பர் 4ஆந் திகதி, புதிய சனாதிபதி லிண்டன் ஜோன்சன் பிரகடனம் ஒன்றிற் கையொப்பமிட்டார். உருளைக்கிழங்கு மா, டெக்ஸ்றின் என்னும் பசைப் பொருள், விலையுயர்ந்த பிரண்டி, லொறி ஆகிய நான்கின் மீதும் தீர்வை உயர்த்தப்பட்டது. லொறிக்கு நூற்றுக்கு எட்டரை வீதமாக இருந்த தீர்வை 25 வீதமாயிற்று. 1964 ஜனவரி 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. காலப்போக்கில் ஏனைய மூன்றும் நீங்கின; லொறித் தீர்வை மட்டும் நிலைத்தது.

கோழிக்குப் பதில் லொறி ஏன்? அக்காலத்தில் ஜேர்மனியின் வொல்க்ஸ்வேகன் கம்பனி சரக்கேற்றும் சிறு வண்டிகளை அமெரிக்காவுக்கு அனுப்பி வந்தது. அவ்விறக்குமதியைத் தடுக்க வேண்டும் என விரும்பியவர் டெட்ரோயிட் முதலாளிமார் மட்டுமல்லர். ஐக்கிய மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் வோல்டர் றூதரும் அதையே விரும்பினார். ஜோன்சனின் வெள்ளை மாளிகை ஒலிப்பதிவுகள் பல ஆண்டுகளின் பின் வெளியானபோது இதன் உட்கிடை தெரியவந்தது. தேர்தலாண்டில் வேலைநிறுத்தம் வேண்டாம், நீக்ரோ மக்களின் குடியுரிமைச் சட்டத்துக்கு ஆதரவு வேண்டும் என்பது சனாதிபதியின் வேண்டுகோள். வொல்க்ஸ்வேகனுக்கு விடை வேண்டும் என்பது றூதரின் வேண்டுகோள். றூதர் இழிந்த மனிதரல்லர். 1937இற் போர்ட் கம்பனியின் அடியாட்களாற் குருதி சிந்த அடிக்கப்பட்டவர். 1963இல் வாஷிங்டன் ஊர்வலத்தில் மார்ட்டின் லூதர் கிங்குடன் மேடையேறியவர். அத்தகைய ஒருவரே முதலாளியும் தொழிலாளியும் ஒரே சுவரின் பின்னால் ஒதுங்கலாம் என்று நம்பினார் என்பதுதான் சிந்திக்கத்தக்கது.

சுவர் உடனே பயன் தந்தது. 1964இல் மேற்கு ஜேர்மனியிலிருந்து வந்த லொறிகளின் பெறுமதி முந்திய ஆண்டினதில் ஏறக்குறைய மூன்றிலொன்றாக வீழ்ந்தது. ஆயின் சர்வதேச வர்த்தக விதிப்படி அத்தீர்வை ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதாக இருக்க முடியாது. எல்லா நாட்டு லொறிகளுக்கும் அது பொருந்தியது. ஜேர்மனியைக் குறிவைத்து எழுப்பிய சுவர், அந்நாளில் எவரும் பெரிதாக மதியாத யப்பானுக்கு எதிரே நின்றது.

யப்பானிய மோட்டார்த் தொழிலும் சுவர்களின் நிழலில் வளர்ந்ததே. 1925 முதல் யோக்கொஹாமாவிற் போர்ட் கம்பனியும், 1927 முதல் ஒசாக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியும் வண்டிகளைப் பொருத்தி விற்றன. 1936இல் இராணுவத்தின் தூண்டுதலோடு வந்த மோட்டார் உற்பத்திச் சட்டம் அவ்விரண்டையும் நெருக்கி வெளியேற்றியது. நிசானும் டொயோட்டாவும் படைக்கு லொறி செய்து கொழுத்தன. போருக்குப் பின் டொயோட்டா வங்குரோத்தின் விளிம்பை எட்டியது. 1950இல் ஆட்குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் வேலையிழந்தனர். தாபகர் கீச்சிறோ டொயோடா பதவி துறந்தார். அதே யூன் மாதம் கொரிய யுத்தம் மூண்டது. அமெரிக்கப் படை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட லொறிகளுக்குக் கட்டளை கொடுத்தது, கம்பனி பிழைத்தது. பின்னாளில் அமெரிக்கச் சந்தையை உலுக்கிய கம்பனிக்கு உயிர்ப்பிச்சை அளித்ததில் அமெரிக்க இராணுவத்துக்குப் பங்குண்டு என்பதை டெட்ரோயிட் மேடைகளில் முழங்கியவர் எவரும் நினைவுகூர்ந்ததாகத் தெரியவில்லை.

நிசானின் கதை வேறு. அங்குத் தொழிலாளர் சங்கம் வலிமை மிக்கதாக இருந்தது. 1953இல் தெற்சுவோ மசுடா என்பாரின் தலைமையில் அது நெடும் போராட்டம் ஒன்றில் இறங்கியது. நிர்வாகம் கதவடைப்புச் செய்தது. தனக்கு இணக்கமான இரண்டாவது சங்கம் ஒன்றை ஊக்குவித்தது. மூல சங்கம் தோற்றது. மசுடா வேலைநீக்கம் செய்யப்பட்டார். யப்பானியத் தொழிலாளி இயல்பிலேயே அடக்கமானவன், கம்பனியைக் குடும்பமாகக் கருதுபவன் என்று பின்னர் மேலைநாட்டு எழுத்தாளர் பலர் வியந்து எழுதினர். அந்த அடக்கம் தோல்வியினால் வந்தது. ஆறு ஆண்டுகளின் பின் அதே நிசான், டட்சன் என்னும் பெயரிற் சிறிய பிக்கப் லொறிகளை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. நம் நாட்டிற் சிறுவரும் பெயர் சொல்லும் டொயோட்டா ஹைலக்ஸ் 1969இல் அங்குச் சென்றது.

முன்னே சாரதி அறையும் பின்னே திறந்த சரக்குப் பெட்டியும் உடைய பிக்கப் வண்டி அமெரிக்கக் கமக்காரனதும் தச்சனதும் தோழன். ஆனால் டெட்ரோயிட் செய்த வண்டிகள் யாவும் பெரியவை. சிறிய பிக்கப் என்றொன்று அவர்களிடம் இருக்கவில்லை. கலிபோர்னியாவிற் டட்சனும் டொயோட்டாவும் பரவக் கண்ட பெருங் கம்பனிகள் என்ன செய்தன? யப்பானியரோடு கூட்டுச் சேர்ந்தன. ஜெனரல் மோட்டர்ஸ் 1971இல் இசுசு கம்பனியின் பங்குகளில் மூன்றிலொன்றுக்குச் சற்று அதிகமாக வாங்கியது. மறு ஆண்டு இசுசுவின் பிக்கப், செவ்ரொலே முத்திரையோடு அமெரிக்காவில் விற்பனையாயிற்று. மஸ்டா செய்த வண்டி போர்ட் கூரியர் என்று பெயர் பெற்றது; 1979இற் போர்ட் அக்கம்பனியின் காற்பங்கினையும் வாங்கிக்கொண்டது. மிட்சுபிஷியிற் பங்கு வைத்திருந்த கிறைஸ்லரும் அவ்வழியே சென்றது.

அப்படியானால் 25 வீதத் தீர்வை? அதற்கும் வழி கண்டனர். சாரதி அறையையும் அடிச்சட்டத்தையும் மட்டும் கப்பலில் இறக்கினால் அது முழு லொறி ஆகாது. தீர்வை 4 வீதமே. கரையில் இறங்கிய பின் சரக்குப் பெட்டியைப் பூட்டினாற் போதும். டொயோட்டாவுக்காகக் கலிபோர்னியாவின் லோங் பீச் நகரில் 1972 முதல் அப்பெட்டிகள் செய்யப்பட்டன. சுபாறு கம்பனியோ 1978இல் தனது சிறு பிக்கப்பின் திறந்த பெட்டியில், பின்னோக்கிய இரண்டு பிளாஸ்டிக் ஆசனங்களைப் பொருத்தி, இது லொறியன்று, பிரயாணிகள் கார் என்றது. சுங்கமும் ஒப்புக்கொண்டது. அத்தகைய வண்டியொன்று பின்னாளிற் சனாதிபதியான றேகனின் பண்ணையிலும் நின்றது.

1979இன் எண்ணெய் நெருக்கடியோடு நிலைமை மாறியது. பெற்றோல் விலையேற மக்கள் சிறு வண்டிகளை நாடினர். டெட்ரோயிட்டில் ஆலைகள் மூடப்பட்டன, இலட்சக்கணக்கானோர் வேலையிழந்தனர். 1980 ஆகஸ்டிற் சட்டகமும் முழு லொறியாகவே கணிக்கப்படும் எனச் சுங்கம் விதித்தது, சந்து அடைபட்டது. தொழிலாளர் சங்கமும் போர்ட் கம்பனியும் இறக்குமதிக் கட்டுப்பாடு வேண்டிச் சர்வதேச வர்த்தக ஆணைக்குழுவிடம் முறையிட்டன. அமெரிக்க அரசின் அமைப்பாகிய அவ்வாணைக்குழுவே, பொருளாதார மந்தமும் சிறு வண்டிகளின் பால் திரும்பிய தேவையும்தான் பெருங் காரணங்கள், இறக்குமதி அல்ல, என்று அவ்வாண்டு நவம்பரில் மூன்றுக்கு இரண்டு என்ற வாக்குகளால் முடிவு கூறியது.

ஆயினும் முடிவைப் படித்தவர் சிலர். சுவரொட்டியைக் கண்டவர் பலர். சங்க மண்டபங்களின் வாகனத் தரிப்பிடங்களில் யப்பானிய வண்டிகளுக்கு இடமில்லை என்ற பலகைகள் தொங்கின. யப்பானியக் காரைச் சம்மட்டியால் அடித்து நொறுக்குவது விழாக்களில் வேடிக்கையாயிற்று. 1982 யூன் 19 இரவு, டெட்ரோயிட்டை அடுத்த ஹைலண்ட் பார்க்கில், வின்சென்ற் சின் என்னும் 27 வயது வரைபடக் கலைஞனை இருவர் துரத்திச் சென்று பேஸ்போல் மட்டையால் அடித்தனர். ஒருவன் மோட்டார் ஆலை மேற்பார்வையாளன். மற்றவன் அவனது மனைவியின் மகன், ஆலை வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவன். உங்களாற்றான் எங்களுக்கு வேலையில்லை என்ற பொருள்பட அவர்களில் ஒருவன் ஏசியதைக் கேட்டதாகச் சாட்சி ஒருத்தி கூறினாள். வின்சென்ற் சின் யப்பானியனல்லன், சீன வம்சத்தவன். சில நாட்களில் அவனுக்குத் திருமணம் நடக்கவிருந்தது. யூன் 23 அவன் இறந்தான். திருமணத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் மரணச் சடங்குக்கு வந்தனர். 1983 மார்ச்சில் நீதிமன்றம் அவ்விருவருக்கும் விதித்தது மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் மூவாயிரம் டொலர் அபராதமும். பின்னர் கூட்டாட்சி வழக்கில் ஒருவனுக்கு அளிக்கப்பட்ட 25 ஆண்டுச் சிறைத்தண்டனையும் மேன்முறையீட்டில் நீங்கியது. 1987 மறுவிசாரணையில் அவன் விடுதலையானான்.

இதே காலத்திற் கம்பனிகள் எங்கு நின்றன? ஜெனரல் மோட்டர்ஸ் இசுசுவின் பங்காளியாகவும் போர்ட் மஸ்டாவின் பங்காளியாகவும் இருந்தன. ஆலை மேற்பார்வையாளன் மட்டையை ஓங்கியபோது, அவனது முதலாளிமார் அந்த "எதிரியின்" இலாபத்திற் பங்கு பெற்றுக்கொண்டிருந்தனர். 1984இல் ஜெனரல் மோட்டர்ஸும் டொயோட்டாவும் கலிபோர்னியாவின் பிறீமொன்ற் நகரிற் கூட்டாக ஆலை நடத்தத் தொடங்கின.

நிசான் சுவரைத் தாண்ட முயலாமல் அதன் உட்புறத்திற் குடியேறியது. டெனசி மாநிலத்தின் ஸ்மேர்ணாவில், பழைய தொழிற்சங்கக் கோட்டைகளுக்குத் தொலைவிலே ஆலை அமைத்தது. 1983 யூனில் அங்கிருந்து முதன்முதலில் வெளிவந்தது பிக்கப் வண்டி. ஆலைத் தலைவராக நியமிக்கப்பட்டவர் மார்வின் றன்யன். போர்ட் கம்பனியின் முன்னைநாள் உபதலைவர். 1989 யூலையில் சங்கம் வேண்டுமா என்று தொழிலாளரிடம் வாக்கெடுக்கப்பட்டது. வேண்டாம் என்றோர் 1,622. வேண்டும் என்றோர் 711. மசுடாவின் சங்கம் யோக்கொஹாமாவில் முறிக்கப்பட்ட முப்பத்தாறு ஆண்டுகளின் பின், அதே கம்பனியில், ஐக்கிய மோட்டார்த் தொழிலாளர் சங்கமும் தோற்றது. இவ்விரு தோல்விகளையும் ஒரே நூலிற் கோத்துப் பார்க்க முன்வந்திருந்தால், சம்மட்டி வேடிக்கைக்குச் செலவான ஆத்திரம் வேறு திசையிற் சென்றிருக்கக்கூடும்.

அப்படியானால் தீர்வையே வேண்டாம், திறந்த சந்தையே உய்வு என்பதா நமது கட்சி? அல்ல. 1936ஆம் ஆண்டுச் சட்டம் இன்றேல் டொயோட்டா என்னும் பெயரை நாம் அறிந்திருக்கவே மாட்டோம். சுவரின்றி வளர்ந்த பெருங்கைத்தொழில் உலகில் அரிது. ஆனால் டெட்ரோயிட்டுக்குக் கிடைத்த காப்பு எவ்வாறு பயன்பட்டது? 25 வீதச் சுவரின் பின்னால் பெரிய பிக்கப் வண்டி கொழுத்த இலாபம் தரும் பண்டமாயிற்று. போர்டின் எவ்-வரிசை வண்டி 1977 முதல் அமெரிக்காவில் மிகுதியாக விற்பனையாகும் பிக்கப்பாக விளங்கிவருகிறது. இலாபம் அங்கிருக்கச் சிறு கார்கள் புறக்கணிக்கப்பட்டன. 2007 உடன்படிக்கையில் புதிதாகச் சேரும் தொழிலாளிக்கு மணிக்கு ஏறக்குறைய 14 டொலர் என்ற இரண்டாந்தரச் சம்பளத்தைச் சங்கம் ஏற்கவேண்டியதாயிற்று. 2009இல் ஜெனரல் மோட்டர்ஸும் கிறைஸ்லரும் வங்குரோத்தாயின. டொயோட்டாவோ 2006இலேயே பிக்கப் வண்டியின் தாயகமெனத்தக்க டெக்சாசில், சான் அன்ரோனியோ நகரில், தனது பெரிய பிக்கப் வண்டியைச் செய்யத் தொடங்கிவிட்டது.

யாருக்காகக் கட்டப்பட்டதோ அந்தக் கம்பனியே பின்னர் அச்சுவரில் துளையிட முயன்றது. 2009 முதல் போர்ட் கம்பனி துருக்கியிற் செய்த சிறு சரக்கு வண்டிகளைப் பின் ஆசனங்களோடும் சன்னல்களோடும் பால்டிமோர் துறைமுகத்தில் இறக்கியது. பிரயாணிகள் வண்டி என்பதால் தீர்வை இரண்டரை வீதமே. சுங்கத்தைக் கடந்ததும் ஆசனங்கள் கழற்றப்பட்டன. சன்னல்கள் இருந்த இடத்தில் தகடு பொருத்தப்பட்டது. ஆசனங்களை இணைத்தவர் துருக்கித் தொழிலாளர். கழற்றியவர் அமெரிக்கத் தொழிலாளர். இரு வேலைக்கும் கூலி கொடுத்தும் கம்பனிக்கு இலாபம் மிஞ்சியது. 2013இற் சுங்கம் இதனைத் தடுத்தது. 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சுங்கத்தின் பக்கம் தீர்த்தது. 2024இற் போர்ட் கம்பனி 36 கோடி 50 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டு விவகாரத்தை முடித்துக்கொண்டது.